ஆடிட்டர் இல்லாத கணக்கு

ஒரு போட்டி. ஜனவரி 1-ம் தேதி நள்ளிரவில் ஆரம்பம், டிசம்பர் 31 நள்ளிரவில் முடிவு. நடுவர் கிடையாது. பரிசுப்பணம் ஒரு பைசா கிடையாது. எவ்வளவு எடுத்தீர்கள் என்பதை நீங்களே சொல்ல வேண்டும்; சாட்சி கேட்க மாட்டார்கள். இதற்காக ஒரு மனுஷன் வேலை, வீடு, தூக்கம் எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு வருஷம் பூரா ஓடுவானா?

அமெரிக்காவில் ஓடுகிறார்கள். 'பிக் இயர்' என்று பெயர். ஒரே வருடத்தில் அமெரிக்கா, கனடா எல்லைக்குள் எத்தனை வகைப் பறவைகளைப் பார்க்க முடியும் என்பதுதான் பந்தயம். பார்க்கக்கூட வேண்டாம். குரலைக் கேட்டு இன்ன பறவை என்று தெரிந்தால் போதும், ஒன்று ஏறிவிடும்.

1998-ல் மூன்று பேர் இப்படி மோதிக்கொண்ட கதையை, 'டென்வர் போஸ்ட்' பத்திரிகைக்காரரான மார்க் ஓப்மாசிக் 'தி பிக் இயர்' என்று 2004-ல் புத்தகமாக எழுதினார். மூவரும் மூன்று தினுசு. சாண்டி கோமிட்டோ, நியூ ஜெர்ஸியில் கூரை வேலை கான்ட்ராக்டர், வாய்ச் சவடால் பேர்வழி, 1987-லேயே ஒரு முறை சாதனை செய்தவர். அல் லெவன்டின், பெரிய கம்பெனியில் உயர் பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். கிரெக் மில்லர்தான் பாவம். விவாகரத்தாகி, ஒரு அணுமின் நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே, கிரெடிட் கார்டுகளைத் தேய்த்துத் தேய்த்து விமானம் ஏறியவர். ஆனால் காது என்றால் அப்படி ஒரு காது! கடைசியில் கோமிட்டோ 745 (பிற்பாடு அது 748 ஆனது), மில்லர் 715, லெவன்டின் 711.

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? வவுச்சர் இல்லாத கணக்கை எப்படி நம்புவது என்றுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். பதிலை ஓப்மாசிக் உபதேசமாகச் சொல்லாமல் கதையோடு கதையாகச் சொல்கிறார். நீங்கள் பார்த்ததாகச் சொல்லும் அபூர்வப் பறவையைத் தேடி மறுநாளே பத்துப் பேர் அதே மரத்தடிக்கு வருவார்கள். ஒன்றில் சந்தேகம் வந்தால் எழுநூறும் சந்தேகம். பெயர் கெட்டால் அந்தச் சின்ன உலகத்தில் எவனும் மதிக்க மாட்டான். நம்மூர் கடைத்தெருவில் சீட்டு எழுதாமல் கைமாற்று நடப்பதும் இதே தைரியத்தில்தானே?

ஆக, கணக்கு நேர்மையானது. எனக்கு உதைப்பது வேறு இடத்தில். ஒரு வகைப் பறவையை முதல் தடவை பார்த்தால் 1. அதற்குப் பிறகு அதே வகையில் ஆயிரம் பார்த்தாலும் பூஜ்யம்!

டெக்சாஸ் கடற்கரையில் ஹை ஐலண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஏப்ரலில் தெற்கிலிருந்து திரும்பும் பறவைகள் மெக்சிகோவின் யுகடான் பகுதியிலிருந்து இருட்டியதும் கிளம்புகின்றன. சுமார் 1,000 கிலோமீட்டர் கடல், நடுவில் உட்கார ஒரு கிளை கிடையாது. மூன்று கிராம் எடையுள்ள ஹம்மிங்பேர்டும் இதில் உண்டு. காற்று சாதகமாக இருந்தால் கரையைத் தாண்டி உள்நாட்டுக்கே போய்விடும். எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்துகொண்டால்? முதலில் தென்படும் மரத்தில் வந்து விழும். அந்தச் சதுப்பு நிலத்தில் மரம் தழைக்கிற மேடு ஹை ஐலண்ட்தான். ரத்தச் சிவப்பு டானஜர், ஆரஞ்சு ஓரியோல், விதவிதமான வார்ப்ளர் என்று ஓக் மரம், மல்பெரி மரம், புல் தரை எங்கும், மனிதன் பக்கத்தில் வந்தாலும் பறக்கத் தெம்பில்லாமல் கிடக்கும். கரையை எட்டாதவை கடலோடு சரி. பார்வையாளர்களுக்கு அன்றைக்குத் தீபாவளி! நல்ல புயல் வர வேண்டுமே என்று வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டியல்காரர் என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? தன் கணக்கில் இல்லாததை மட்டும் குறித்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வண்டியைத் திருப்புவார். மற்றதெல்லாம் 'ஏற்கெனவே வரவு'.

புத்தகத்தின் குறையும் இதுதான். மனிதர்களைப் பற்றி அவ்வளவு ருசியாக எழுதுகிற ஓப்மாசிக்கிடம், பறவைகள் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஸ்டேஷன் கடந்து போகிற மாதிரி கடந்து போகின்றன.

இதே பந்தயத்தை வேறு மாதிரி பார்க்க வேண்டுமானால் கென் காஃப்மன் எழுதிய 'கிங்பேர்ட் ஹைவே' (1997) படியுங்கள். 1973-ல் காஃப்மனுக்கு 19 வயது. ஸ்கூலைப் பாதியில் விட்டவர். லிஃப்ட் கேட்டே ஊர் ஊராகச் சுற்றினார். காசு மிச்சம் பிடிக்கப் பூனைத் தீனியைத் தின்றாராம்! அந்த வருடம் அதிகம் பார்த்து முந்தியவர் ஃபிளாய்ட் மர்டாக். தோற்ற காஃப்மன், டிக் அடிக்கிற அவசரத்தில் பறவையைப் பார்க்கவே இல்லையே என்று போகப் போக உணர்ந்ததை எழுதியிருக்கிறார். ஓப்மாசிக்கை விட எனக்கு இவரைப் பிடிக்கிறது. காரணம், ஓடினவரே எழுதினது.

இன்னொரு கூட்டமும் அங்கே எண்ணிக்கொண்டிருக்கிறது. 1966-லிருந்து வருடா வருடம், பெரும்பாலும் ஜூனில், அதே 40 கிலோமீட்டர் சாலையில் 50 இடங்களில் வண்டியை நிறுத்தி, இடத்துக்கு 3 நிமிடம் நின்று, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் குறிக்கிற தன்னார்வலர்கள். இவர்கள் கணக்கில் பத்தாவது குருவியும் ஒன்றுதான். இந்தக் குறிப்புகளும் சேர்ந்துதான் 2019-ல் 'சயின்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. 1970-லிருந்து வட அமெரிக்காவில் சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன. நாலில் ஒன்றுக்கும் மேல்! அதிகம் போனது அபூர்வப் பறவை இல்லை, சாதாரணக் குருவி கும்பல்தான். கோமிட்டோவின் சாதனையோ 2013-ல் நீல் ஹேவர்டால் முறியடிக்கப்பட்டது. பறவை குறைகிறது, பட்டியல் நீள்கிறது. எந்த கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் இப்படி இருந்தாலும் நமக்கு வயிற்றைக் கலக்குமே!

புத்தகத்தை 2011-ல் சினிமாவாகவும் எடுத்தார்கள். டேவிட் ஃபிராங்கல் டைரக்‌ஷன். ஸ்டீவ் மார்ட்டின், ஓவன் வில்சன், ஜாக் பிளாக் என்று மூன்று காமெடி நட்சத்திரங்கள். படம் படுத்துவிட்டது. நிஜப் பெயர்களை மாற்றி, ஆளுக்கொரு குடும்ப சென்டிமென்ட்டை ஒட்டவைத்து, அந்த வெறியின் காரத்தையே எடுத்துவிட்டார்கள். ஒரு காட்சிக்காக மட்டும் மன்னிக்கலாம். பறவைப் பைத்தியம் பிடித்த மகனைப் புரிந்துகொள்ளாத அப்பா, இதய நோயாளி, அவனோடு பனிக்காட்டுக்கு வருகிறார். மகன் சாம்பல் நிறப் பெரிய ஆந்தையைத் தேடி முன்னால் போய்விடுகிறான். திரும்பி வந்தால் அப்பாவைக் காணோம். பதறித் தேடினால், கிழவர் அசையாமல் நிற்கிறார். எதிர் மரத்தில் ஆந்தை. கையில் நோட்டுப் புத்தகம் இல்லை, பேனா இல்லை. படம் எங்கேயாவது கண்ணில் பட்டால் அதுவரைக்குமாவது பாருங்கள்.