சாலை கிழக்கே, அலுவலகம் மேற்கே

பரம்பிக்குளம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், முதலமடை ஊராட்சிக்குள் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் காடரோ மலசரோ ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால், முதலில் தமிழ்நாட்டுக்குள் இறங்க வேண்டும். டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாக ஆனைமலை அடிவாரத்துக்கு வந்து, மேற்கே திரும்பி, கோவிந்தாபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தால்தான் சொந்த ஊராட்சி. வழியில் இரண்டு மாநில வனத்துறைகளின் சாவடிகள். பரம்பிக்குளம் அணை நிற்பது கேரள மண்ணில். அதன் மதகைத் திறந்து மூடுவது தமிழ்நாடு.

2020 ஊரடங்கில் எல்லை அடைபட்டபோது இந்தச் சுற்றுவழியும் போயிற்று. பரம்பிக்குளம் காட்டுக்குள் இருக்கும் தேக்கடிக் குடியிருப்பு மக்கள், அந்த ஆண்டு காந்தி ஜெயந்தியன்று மண்வெட்டியோடு கிளம்பி, செம்மணாம்பதிக்குத் தாங்களே பாதை வெட்ட ஆரம்பித்தார்கள். கேரளத்துக்குள்ளேயே கேரளத்துக்குப் போக ஒரு பாதை. புலிகள் காப்பகத்தில் பாதை வெட்டுவது சட்டப்படி சாதாரணக் காரியம் இல்லை; ஆனால் காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட நேரம் ஏது?

சிற்றூர் வாழ்க்கை என்றதும் நகரத்தாருக்கு நினைவில் வருவது அமைதி, பசுமை, சுத்தமான காற்று. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோர ஊர்களில் இவை மூன்றுமே உண்டு. ஆனால் அங்கே ஒரு குடும்பத்தின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது வேறொன்று: சாலையும் தண்ணீரும் சந்தையும் ஒரு திசையில் இருக்க, தாலுகா அலுவலகமும் தலைநகரும் எதிர்த்திசையில் இருப்பது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் பெருவாரியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போராடிய மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. கோடு விழுந்துவிட்டது. மலைச்சரிவும் ஆறும் கோட்டைப் பார்த்துத் திரும்பவில்லை.

இடுக்கி மாவட்டத்து மறையூரை எடுத்துக்கொள்ளலாம். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றுதான். அவற்றில் ஒன்றான பாம்பாறு இந்தப் பக்கத்து மலைகளின் தண்ணீரைத் திரட்டி, சின்னாறு தாண்டி, தமிழ்நாட்டின் அமராவதி ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. மேற்கே மூணாறு மழையில் ஊறிக்கிடக்க, மறையூர் மழைமறைவில் காய்கிறது. சந்தனம் வளர்வதும் கரும்பு இனிப்பதும் அந்த வறட்சியால்தான். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குமுன், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மலிவு வெல்லம் மறையூர்ப் பெயரிலேயே விலைபோய்க்கொண்டிருந்தது. இங்கே அவசரத் தேவை எதுவானாலும் பஸ் ஏறுவது பெரும்பாலும் தமிழ்நாட்டு உடுமலைப்பேட்டைக்கு.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் குடிகள், வீடுகளை நெருக்கி ஓரிடத்தில் கட்டி, சுற்றிலும் படிப்படியாக வயலை வெட்டிக்கொண்டார்கள். ஊர்ப் பெரியதனமும் ஊர்க்கூட்டமும் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தன. பக்கத்து வட்டவடையிலும் கோவிலூரிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

வட்டவடை கேரளத்தின் காய்கறித் தோட்டம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, காரமும் மணமும் கூடிய மலைப்பூண்டு. டாப்ஸ்டேஷனையும் பாம்பாடும்சோலையையும் கடந்து ஜீப்பில் போய் இறங்குகிறவர் படிவயல்களைப் பார்த்து மலைத்து நிற்பார். விளைவித்தவரின் கவலை வேறு. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த தரகருக்கே காயைப் போட வேண்டும். அரசு நிறுவனம் நல்ல விலை சொன்னாலும் பணம் வர மாதங்கள் ஆகும் என்பது இங்கே பழைய புலம்பல். கடன்பட்டவருக்குக் காத்திருக்க வழியில்லை. சலித்துப்போன பலர் வயலில் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரத்தை நட்டுவிட்டார்கள். அது வளர்ந்தது, ஊற்றுகள் வற்றின. மேலே 2006-இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயத்தின் எல்லை எது, பட்டா நிலம் எது என்ற வழக்கு தனிக்கதை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும்போது வரும் கூட்டத்துக்கு அந்தக் கதை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அழகான ஊருக்குள் அழுக்கும் உண்டு. வட்டவடையில் சக்கிலியர் சமூகத்தாருக்கு முடிதிருத்தகங்களில் முடிவெட்ட மறுப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. கடைசியில் 2020-இல் ஊராட்சியே எல்லோருக்குமான பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. எழுத்தறிவில் முதலிடம் என்று பெயர்பெற்ற மாநிலத்தில், முடிவெட்டிக்கொள்ள ஓர் ஊராட்சித் தீர்மானம் தேவைப்பட்டது. நெருக்கமான சிற்றூரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதைப் புகழாகவே சொல்லிப் பழகிவிட்டோம். யார் எந்தத் தெரு என்பதும் அதில் அடக்கம்.

இப்போது காந்தளூரிலும் வட்டவடையிலும் விடுதிகள் முளைக்கின்றன. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் மக்கள், விடுமுறை வீடுகளால் உள்ளூரார் குடியிருக்க இடமின்றிப் போவதைக் கண்டு, புதிதாகக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாக வசிப்பவரே இருக்க வேண்டும் என்ற விதிக்கு 2016-இல் வாக்களித்தார்கள். அஞ்சுநாட்டில் அப்படியொரு வாக்கெடுப்பு இதுவரை பேச்சளவில்கூட இல்லை.

பாலக்காட்டுச் சமவெளியில் கதை தண்ணீரைச் சுற்றியது. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய ஊர்களில் வீட்டுப் பேச்சு தமிழ், வானிலை கொங்குநாட்டு வானிலை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் சித்தூர் ஆற்றுக்கு வந்தாக வேண்டும். வருவது தாமதித்தால் உழவர்கள் சாலையில் உட்காருகிறார்கள். நிலத்தடி நீரும் இங்கே லேசான விஷயமில்லை: பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் இரவாளர் பழங்குடிப் பெண் மயிலம்மாவும் ஊர்க்காரர்களும் தொடங்கிய போராட்டம், 2004 மார்ச்சில் ஆலையை நிறுத்தவைத்தது.

இதே சித்தூரின் தென்னந்தோப்புகளிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1987 முதல் கள் இறக்குவது குற்றம். ஒரே மண், ஒரே தென்னை, ஆனால் மரமேறி எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்து அவர் தொழிலாளி அல்லது குற்றவாளி. சட்டம் இதைவிட வெளிப்படையாகக் கேலிக்குள்ளாகும் இடம் தென்னிந்தியாவில் அதிகம் இருக்காது.

இடுக்கியின் ஏலக்காட்டில் எல்லை தினமும் இரண்டு முறை கடக்கப்படுகிறது. விடியுமுன் கம்பம், போடிப் பக்கத்துப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிறார்கள், சாயங்காலம் இறங்குகிறார்கள். அவர்கள் பறித்த ஏலக்காயும் இறங்குகிறது: இணையவழி ஏலம் இடுக்கியின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடியிலும் நடக்கிறது.

தேயிலைத் தோட்டத்தாருக்கு, சாயங்காலம் சொந்த வீட்டுக்குத் திரும்பும் அந்த வசதியும் இல்லை. மூணாறைச் சுற்றிய லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நாலைந்து தலைமுறையாக வாழ்ந்தாலும் வீடு கம்பெனியுடையது; வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம்.

பூர்வீகம் என்பது அங்கே ஊர்ப்பாசம் மட்டுமல்ல, அரசாங்கக் கேள்வியும்கூட. பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு, 1950-இலேயே குடும்பம் இன்றைய கேரளப் பகுதியில் இருந்ததைக் காட்ட வேண்டும். இந்தக் கேள்வி எம்.எல்.ஏ.வையும் விட்டுவைக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியான தேவிகுளத்தின் சட்டமன்ற உறுப்பினராக அ. ராஜா 2021-இல் தமிழில் பதவியேற்றார்.  பிறகு அவர் பட்டியல் சாதியினரே அல்ல என்று தொடரப்பட்ட வழக்கில் கேரள உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் அவர் வெற்றி செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 2025 மே மாதத்தில் அதை மாற்றி, வெற்றியை நிலைநிறுத்தியது. எம்.எல்.ஏ.வால் டில்லிவரை போக முடிந்தது. லயத்துப் பிள்ளை கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் கேட்டால், தாத்தா வேலை பார்த்த எஸ்டேட்டின் பழைய பதிவேட்டைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.