'பசுமை'யும் 'விவசாயி'யும்: எட்டுவழிச்சாலை விவாதத்தை மறுபடி வாசித்தல்

1

2018 ஜூன் கடைசியில் நண்பர்களோடு செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சேலம் - சென்னை எட்டுவழிச்சாலைக்காகப் போலீஸ் பாதுகாப்போடு கல் நட்டுக்கொண்டிருந்த நேரம். தூத்துக்குடியில் 13 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச்சூடு (மே 22) நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. யார் வந்தாலும் 'போலீசா, டிவியா' என்று கேட்டுவிட்டுத்தான் பேசினார்கள். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "ரோடே வாணாம்னு நாங்க சொல்லல சாமி. எங்க கெணத்து மேல வாணாம்னுதான் சொல்றோம்." எழுதிக்கொண்டோம். கூட்டத்துக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்றிருந்த இன்னொரு பெண், நாங்கள் கிளம்பும்போது சொன்னார்: "நெலம் போனா அவங்களுக்குப் பணமாச்சும் வரும். அந்த நெலத்துல களையெடுக்கிற எங்களுக்கு என்னா வரும்?" இதை நாங்கள் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஏன் எழுதிக்கொள்ளவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. எட்டுவழிச்சாலை பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அரசு பேசியது, எதிர்த்தவர்கள் பேசினோம், நீதிமன்றங்கள் பேசின. இந்தப் பேச்சுகள் யாரைப் பேசவைத்தன, யாரைக் கணக்கிலிருந்தே நீக்கின என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அரசின் சொல்லாடலைக் கட்டுடைப்பது சுலபம். அது நமக்குப் பழக்கமான வேலை. நம்முடைய சொல்லாடலையும் அதே மேசையில் வைத்துப் பார்க்க முடியுமா?

2

முதலில் பெயர். மக்கள் 'எட்டுவழிச்சாலை' என்றார்கள். அரசு 'பசுமைவழிச்சாலை' என்றது. நிதின் கட்கரி 2018 பிப்ரவரியில் அறிவித்த திட்டம் இது. 277.3 கி.மீ. நீளம், 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என அன்றைய ஐந்து மாவட்டங்கள். சுமார் 1,900 ஹெக்டேர் நிலம். அதற்குள் காடும் மலையடிவாரமும் உண்டு. இதில் எங்கிருந்து வந்தது பசுமை?

'கிரீன்ஃபீல்டு' என்பது பொறியாளர்களின் கலைச்சொல். ஏற்கெனவே இருக்கிற சாலையை அகலப்படுத்தாமல், சாலையே இல்லாத இடத்தில் புதிதாகப் போடுவது. அதாவது, கட்டுமானம் எதுவும் இல்லாத வெற்று நிலம் என்று பொருள். அந்த வெறுமைதான் தமிழுக்கு வரும்போது 'பசுமை' ஆகிவிட்டது. அந்த நிலம் பச்சையாக இருந்தது உண்மை. யாரோ கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, தென்னையும் மஞ்சளும் நெல்லும் போட்டதால் பச்சையாக இருந்தது. பொறியாளரின் வரைபடத்தில் அந்த உழைப்பு தெரியாது. 'இங்கே ஒன்றுமில்லை' என்றுதான் தெரியும். மொழிபெயர்ப்பாளர் அந்த ஒன்றுமில்லாமைக்குப் பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்தார். வெட்டுகிற மரத்துக்குப் பல மடங்கு மரம் நடுவோம் என்ற வாக்குறுதி அந்த வர்ணத்தின் மேல் பூசிய இரண்டாவது கோட்டிங்.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. சாலையே இல்லாத நிலத்தைத் தேசிய நெடுஞ்சாலை என்று அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்பது வழக்கிலேயே ஒரு கேள்வி. உண்டு என்று 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. அறிவிப்பு முதலில், சாலை பிறகு. அரசின் சொல் தரையில் இல்லாத பொருளை உண்டாக்குகிறது. அதிகாரத்தையும் சொல்லாடலையும் பற்றி ஃபூக்கோவிடம் படித்ததை இங்கே அரசிதழிலேயே படித்துக்கொள்ளலாம்.

3

அடுத்தது எண்கள். பயண நேரம் பாதியாகக் குறையும் என்றார்கள். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சேலத்துக்காரர். நெடுஞ்சாலைத்துறையும் அவர் கையில்தான் இருந்தது. சட்டமன்றத்திலும் மேடையிலும் நேரம், எரிபொருள், விபத்து என்று சேமிப்புக் கணக்கு சொல்லப்பட்டது. யாருடைய நேரம் என்ற கேள்வி மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. இது எல்லா இடத்திலும் ஏறி இறங்கக்கூடிய சாலை அல்ல. நுழைவாயில்களில் மட்டும்தான் நுழையலாம், சுங்கம் கட்ட வேண்டும். நிலத்தைக் கொடுத்தவர் தன் மாட்டை அந்தப் பக்கத்துத் துண்டு நிலத்துக்கு ஓட்ட வேண்டுமானால் சுரங்கப்பாதை எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சுற்றி வர வேண்டும். சென்னைக்குப் போகிறவர் சேமிக்கிற நேரத்தில் ஒரு பகுதியைச் செங்கத்துக்காரர் தினமும் நடந்து கட்டுகிறார். இந்த நடைக்குத் திட்ட அறிக்கையில் வரிசை எண் கிடையாது.

பணக் கணக்குக்கு வருவோம். 10,000 கோடியை 277.3ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 36 கோடி. இது 'பாரத்மாலா' திட்டத்தில் ஒரு துண்டு. 2017 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 34,800 கி.மீ.க்கு 5,35,000 கோடி என்று ஒப்புதல் கொடுத்தது; சராசரி கிலோமீட்டருக்கு 15.37 கோடி. ஒப்பந்தம் விட்ட பிறகு பார்த்தால் அது 32.17 கோடியாக ஏறியிருந்தது என்று கணக்குத் தணிக்கைத் தலைவரின் 2023 அறிக்கை சொன்னது. டெல்லி பக்கத்து துவாரகா விரைவுச்சாலையில் 18.20 கோடி, 250.77 கோடியான கதையும் அதே அறிக்கையில் உண்டு. பத்திரிகைகளில் சில நாள் பரபரப்பு, அத்தோடு சரி.

இத்தனை கோடிக்குமுன் என்ன ஆய்வு நடந்தது? அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பட்டியலில் இருந்தது சென்னை - மதுரை வழித்தடம். அது எப்படிச் சென்னை - சேலம் ஆனது என்பது வழக்கில் பெரிய விவாதம். திட்டத்துக்கான அறிக்கையில் சீனத்துப் பொருளாதார மண்டலம் ஒன்றின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு விடுகிற விஷயமில்லை இது. எங்கிருந்தும் வெட்டி எங்கேயும் ஒட்டலாம் என்பதுதான் 'வளர்ச்சி'ச் சொல்லாடலின் இயல்பு. அதில் வருகிற இடங்களுக்கு முகம் கிடையாது. பின்தங்கிய பகுதி, தொழில் வாய்ப்பு, போக்குவரத்து நெரிசல் என்கிற மூன்று சொற்றொடர் போதும், சீனமும் சேலமும் ஒன்றுதான்.

ஜேம்ஸ் ஃபெர்குசன் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ பற்றி எழுதிய புத்தகம் (1990) ஞாபகத்துக்கு வருகிறது. தாபா-த்செக்கா என்ற மலைப்பகுதியில் உலக வங்கியும் கனடாவும் நடத்திய வளர்ச்சித் திட்டம் விவசாயத்தைப் பொறுத்தவரை தோற்றது. ஆனால் சாலை வந்தது. சாலை வழியே அரசு அலுவலகங்களும் காவல்துறையும் வந்தன. திட்டம் தோற்றாலும் அரசு அதிகாரம் பரவியது, அதுவும் 'இதில் அரசியல் இல்லை, தொழில்நுட்பம்தான்' என்ற பேச்சின் மறைவில். நம் ஊரில் ஒரு வித்தியாசம். இங்கே சாலை வருவதற்கு முன்பே போலீஸ் வந்துவிட்டது. பேசியதற்காக நடிகர் மன்சூர் அலிகான் 2018 ஜூனில் கைது. விவசாயிகளைச் சந்திக்க வந்த யோகேந்திர யாதவ் செப்டம்பரில் திருவண்ணாமலையில் தடுத்துவைப்பு. ஊர்ப் பெயர் தெரியாத கைதுகள் எத்தனையோ.

4

சரி, இது அரசின் பக்கம். நம் பக்கம் என்ன பேசினோம்?

'விவசாயி' என்றோம். 'மண்' என்றோம். 'தாய்' என்றோம். கஞ்சமலை, கவுத்திமலை இரும்புத்தாதுவுக்காகத்தான் சாலை என்றோம். இந்தச் சந்தேகம் காற்றில் வந்ததல்ல. கவுத்திமலை - வேடியப்பன்மலையில் இரும்பு வெட்டும் திட்டத்தை மக்கள் எதிர்த்து நின்ற வரலாறு உண்டு. ஆனாலும் ரகசிய நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்கிற நம் பழக்கம் ஆபத்தானது. மலையில் இரும்பே இல்லையென்றால் சாலை நல்ல சாலை ஆகிவிடுமா?

முக்கியமான சிக்கல் 'விவசாயி' என்ற ஒருமையில் இருக்கிறது. மேடையில் நிறுத்தப்பட்ட விவசாயி யார்? பட்டா வைத்திருப்பவர். பெரும்பாலும் ஆண், ஊரின் எண்ணிக்கையில் பெரிய சாதிக்காரர். படத்துக்கு மட்டும் வயதான பெண்கள் மண்ணில் விழுந்து அழுதார்கள். அந்த அழுகை உண்மை. இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் போவதென்றால் என்ன என்பது அதில் இருந்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு வெளியே குத்தகைக்காரர் இருந்தார், வாரத்துக்கு உழுதவர் இருந்தார், புறம்போக்கில் குடிசை போட்டவர் இருந்தார், கல்வராயன், சித்தேரி மலைப்பக்கத்துப் பழங்குடிகள் இருந்தார்கள், களையெடுக்கிற தலித் பெண் இருந்தார். 'ஒட்டுமொத்தக் கிராமமும் எழுந்து நிற்கிறது' என்று நாம் எழுதினோம். இதே தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. எரித்ததும் 'ஒட்டுமொத்தக் கிராமம்'தான். ஆறு வருடத்தில் அந்தக் கிராமம் ஒன்றாகிவிட்டதா? கிராமத்தைப் புனிதப்படுத்த முடியாது என்று அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதை மேடையில் மறந்துவிடுகிறோம்.

கட்சிகளின் கணக்கும் இந்த ஒருமைக்குள்தான் இயங்கியது. வழக்குப் போட்டவர்களில் பாமகவின் அன்புமணியும் ஒருவர். 2019 பிப்ரவரியில் அதே கட்சி, சாலை போடத் துடித்த அதிமுகவோடு கூட்டணி வைத்தது. 'விவசாயி' அங்கே வாக்கு வங்கியின் இன்னொரு பெயராக இருந்ததால் இந்தத் தாவல் அவர்களுக்குக் கடினமாக இல்லை.

தலித்துகளைப் பொறுத்தவரை சாலை என்பது வேறு பொருள் கொண்ட சொல். பஸ் வருகிற சாலை என்றால் பண்ணை வேலைக்கு வெளியே ஒரு கூலி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ராத்திரியில் ஆஸ்பத்திரி. தெருவில் நடக்கிற உரிமைக்காகவே போராட வேண்டியிருந்தது என்பதற்கு 1924 வைக்கம் சாட்சி. எனவே 'சாலை வேண்டாம்' என்பது எல்லோருக்கும் ஒரே அர்த்தத்தில் எதிர்ப்பு ஆகாது. இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் 'அப்போ நீங்க அரசாங்கத்துக்கு வால் பிடிக்கிறீங்க' என்கிறார்கள். இல்லை. எட்டுவழிச்சாலையில் பஸ் நிறுத்தம் கிடையாது, நடக்கிற இடமும் கிடையாது. சேரிக்கும் அது சாலை அல்ல. அதை எதிர்க்கச் சேரிக்கு அதனதன் காரணங்கள் இருந்தன. நாம் கேட்கவில்லை.

5

இது வெறும் அறவியல் குறை இல்லை. சட்டத்தில் நாம் எங்கே தோற்றோம் என்பதோடு சம்பந்தப்பட்டது. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்கான வரையறையில், நிலமே இல்லாத கூலித் தொழிலாளரும் குத்தகைதாரரும் மூன்று வருடம் அங்கே உழைத்திருந்தால் வருகிறார்கள். வேலிக்கு வெளியே நின்ற அந்தப் பெண் இந்தச் சட்டத்தின் உள்ளே இருக்கிறார்! அவரைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வதற்கான ஏற்பாடுதான் சமூகத் தாக்க மதிப்பீடு. ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு 1956ஆம் வருடச் சட்டம். அதை 2013 சட்டத்தின் நான்காம் அட்டவணையில் போட்டு விலக்கு அளித்துவிட்டார்கள். 2015 ஆகஸ்டு 28 உத்தரவு இழப்பீட்டையும் மறுவாழ்வையும் நெடுஞ்சாலைக்கும் நீட்டித்தது; சமூகத் தாக்க மதிப்பீட்டை நீட்டிக்கவில்லை. அதாவது மறுவாழ்வு உண்டு, யாருக்கு என்று எண்ணிப் பார்க்கிற வேலை மட்டும் கிடையாது. 1956 சட்டத்தில் இருப்பது 21 நாள். நிலத்தில் உரிமை அல்லது நலன் உள்ளவர் அதற்குள் ஆட்சேபணை எழுதித் தர வேண்டும். பொதுவிவாதம் என்று நாம் சொல்கிற எல்லாவற்றுக்கும் அரசு ஒதுக்கிய சந்து இவ்வளவுதான்.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் (நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், வி. பவானி சுப்பராயன்) கையகப்படுத்தலை ரத்து செய்தது. பட்டாசு வெடித்தோம். 2020இல் உச்சநீதிமன்றம் அதைப் புரட்டியது. நில அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது. இரண்டு நீதிமன்றங்களும் ஒத்துப்போன ஒரு இடம் உண்டு. கையகப்படுத்தல் முடியும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் பெயரை மாற்றியது தவறு, பழையபடி மாற்றிக் கொடு என்பதுதான் அது. நல்ல உத்தரவு. ஆனால் கவனியுங்கள்: இவ்வளவு பெரிய போராட்டத்தில் சட்டம் கடைசி வரை மதித்த ஒரே விஷயம் பட்டா. பட்டா இல்லாதவருக்குத் திருப்பிக் கொடுக்கப் பதிவேட்டில் எதுவும் இல்லை. நம் சொல்லாடலும் சட்டத்தின் சொல்லாடலும் ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

6

2021இல் ஆட்சி மாறியது. போராடியவர்கள் மீதான வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன, வரவேற்கத்தக்கது. 2022இல் பொதுப்பணித்துறை அமைச்சர் எ.வ. வேலு, திமுக எட்டுவழிச்சாலையை எதிர்க்கவே இல்லை என்கிற பொருளில் பேசினார். 2023 நவம்பரில் அதே திருவண்ணாமலை மாவட்டத்தின் மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்த விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்த பிறகுதான் அரசு பின்வாங்கியது. ஆட்கள் மாறலாம், சொல்லாடல் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதற்கு யாரையாவது துரோகி என்று திட்டிவிட்டுப் போவது எளிது. 'உரிய இழப்பீடு கொடுத்தால் சரி' என்று எந்த அமைச்சரும் எந்த நாளும் சொல்லிவிட முடிகிற அளவுக்கு நம் எதிர்ப்பை நாமே பட்டாவுக்குள் சுருக்கிக் கொடுத்தோம் என்பதையும் யோசிக்க வேண்டாமா?

அடுத்த சாலை, அடுத்த விமான நிலையம், அடுத்த சிப்காட் வரும். அப்போது முதல் கோரிக்கையாக நான்காம் அட்டவணை விலக்கை நீக்கு என்பது இருக்கட்டும். அதற்குக் காத்திராமல், அந்த நிலத்தில் யார் யார் உழைக்கிறார்கள் என்ற கணக்கை நாமே எடுக்கலாம். சர்வே எண் வாரியாக அல்ல, கூலி வாரியாக. அந்தக் கணக்கை எடுக்கப் போனால் பட்டாதாரருக்கும் கூலிக்காரருக்கும் இடையில் உள்ள பகை வெளியே வரும், போராட்ட ஒற்றுமை உடையும் என்று ஒரு நண்பர் பயப்படுகிறார். உடையலாம். ஆனால் பேசாமல் வைத்திருந்த ஒற்றுமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்த்தாயிற்று.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இதில் எனக்குள்ள பங்கு இது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.