வாய்க்கூடு கட்டிய மந்தை

ஆடு மேய்ப்பதை வயிற்றுப்பாட்டுக்கான தொழிலாக மட்டும் கருதாமல், வழிபாட்டுக்கு ஒப்பான ஓர் அநுஷ்டானமாகவே மேற்கொண்டு, யூதேயாவின் குன்றுகளிலும் கலிலேயாவின் சரிவுகளிலும் பட்டி அமைத்துத் தங்கியிருக்கும் யூதர்கள் இன்று பலர் உளர். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் நடந்த நிலத்தில், அவர்கள் நடந்த வேகத்திலேயே, அவர்கள் நம்பி வாழ்ந்த பிராணியின் பின்னாலேயே நடந்து போவது, நூலைத் திறந்து வைத்து ஓதுவதைக் காட்டிலும் மூதாதையரோடு நெருங்கிய சம்பந்தத்தை உண்டாக்குகிறது என்பது அவர்களுடைய கொள்கை. மாடு மேய்த்த தெய்வத்தைப் பாடிப் பழகிய நமக்கு இந்த எண்ணம் விநோதமாகத் தோன்றாது. ஆனால் ஒரு வழக்கம் மனத்துக்கு இனிதாயிருப்பது வேறு. தான் பிரமாணமாக எடுத்துக்காட்டும் மரபுக்கு அது உண்மையாயிருப்பது வேறு.

பிரமாணங்களுக்குக் குறைவில்லை. ஆபேல் ஆட்டிடையன். யாக்கோபு தன் மாமன் லாபானிடம் மனைவியர் இருவருக்காகப் பதினான்கு ஆண்டும், மந்தைக்காக ஆறு ஆண்டும் உழைத்தவன். அவன் காதலித்த ராகேலின் பெயருக்கே பெண்ணாடு என்பதுதான் பொருள். மாமனார் எத்திரோவின் மந்தையை ஓட்டிச் சென்ற இடத்தில்தான் மோசே எரியும் முட்செடியைக் கண்டான். பிற்காலத்து மித்ராஷ் உரைகாரர்கள் இந்தச் செய்திகளோடு திருப்தியடையாமல், மந்தையை விட்டு ஓடிய குட்டியைத் துரத்திச் சென்ற மோசே அது தாகத்தால்தான் ஓடியது என்று கண்டு தோளில் சுமந்து திரும்பினான் என்றும், தாவீது இளங்குட்டிகளை முதலில் விட்டு மிருதுவான புல்லையும், கிழ ஆடுகளை அடுத்து விட்டு நடுத்தரப் புல்லையும், திடகாத்திரமானவற்றைக் கடைசியில் விட்டு முற்றிய புல்லையும் மேயச் செய்தான் என்றும், இவற்றைக் கண்டே இறைவன் தன் ஜனங்களை இவர்களிடம் ஒப்படைத்தான் என்றும் விரித்துரைத்தார்கள். பிரெஸ்லவ் ஊரின் ரப்பி நக்மான் (1772–1810) இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு புல்லுக்கும் தனித்தனிப் பாட்டு உண்டென்றும், இடையனுடைய ராகம் அவன் மேய்க்கும் இடத்துப் புற்களிலிருந்தே பிறக்கிறதென்றும் போதித்தார். உக்ரேனில் வாழ்ந்து, பலஸ்தீனத்தை ஒரே ஒரு யாத்திரையில் சில மாதங்கள் மட்டும் கண்டு திரும்பியவர் அவர். புல்லின் பாட்டைக் கேட்பதற்கு இன்ன பூமியில்தான் நிற்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை போலும்.

இந்த அநுஷ்டானத்தின் பக்ஷத்தில் சொல்லத்தக்கது நிரம்ப உண்டு. தமிழ் வேதாகமத்தில் ‘வனாந்தரம்’ என்று படித்துவிட்டு மரமடர்ந்த காட்டையோ மணற்பாலையையோ நினைத்துக்கொள்கிறோம். எபிரேய மூலத்திலுள்ள ‘மித்பார்’ என்ற சொல்லை மந்தையை ஓட்டிச் செல்லுதல் என்னும் பொருளுடைய வேரோடு சம்பந்தப்படுத்துவோர் உளர். அது ஆள் நுழையாத பாழன்று, உழவு எட்டாத மேய்ச்சல் நிலம். எருசலேமில் ஆண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் முப்பது கிலோமீட்டருக்குள்ளாகவே, சாக்கடலோரத்தில், அது 100 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. குளிர்கால மழைக்குப் பின் சில வாரங்கள் பச்சை காட்டி, கோடை தொடங்குமுன் காய்ந்து உதிரும் அந்தப் புல்லை நம்பி மந்தை வைத்தவனுக்கு, கிணற்றுக்காக ஈசாக்கின் வேலைக்காரர் ஏன் சண்டையிட்டார்கள் என்பதை எந்த வியாக்கியானமும் விளக்க வேண்டியதில்லை. மோதீயின் நகரத்துக்கு அருகே நோகா ஹரூவேனி உருவாக்கிய நெயோத் கெதூமீம் என்ற வேதாகமத் தாவரப் பூங்காவில், வருகிறவர்களிடம் செம்மறியும் வெள்ளாடும் கலந்த சிறு கூட்டம் ஒன்றை ஒப்படைத்து, ஓரிடத்துக்கு ஓட்டிச் சேர்க்கச் சொல்வார்கள். அதட்டுகிறவனைக் கண்டு மந்தை நாலாபுறமும் சிதறும்போது, தாவீதைப் பற்றிக் கேட்ட பிரசங்கங்களெல்லாம் திடீரென்று அர்த்தம் பெறுகின்றன. உடம்பால் கற்கும் இந்த வித்தையைப் பரிகசிப்பவன், படிப்பு என்பதைக் காகிதத்தோடு முடித்துக்கொண்டவனே.

ஆயினும் மரபின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. இடையன் வேஷத்தில் மயங்கியவர்கள் அதை அதிகமாகப் பிரஸ்தாபிப்பதில்லை. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலாகிய மிஷ்னா, செம்மறியும் வெள்ளாடுமாகிய சிறு கால்நடைகளை இஸ்ரவேல் தேசத்தில் வளர்க்கலாகாது என்று தெளிவாக விதிக்கிறது. சிரியாவிலும், தேசத்தின் வனாந்தரப் பகுதிகளிலும் மட்டுமே அதற்கு அநுமதி. மிஷ்னாவின் விரிவாகிய தால்மூத் இடையனைச் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் வரிசையில் சேர்க்கிறது, அவன் மந்தை பிறன் பயிரில் வாய் வைக்கும் என்பதால். வியாதிக்காக வெதுவெதுப்பான ஆட்டுப்பால் அருந்தும்படி வைத்தியர் கூறியதன்பேரில், கட்டிற்காலில் ஒரே ஒரு வெள்ளாட்டைக் கட்டிவைத்திருந்த பக்தர் ஒருவரை நலம் விசாரிக்க வந்த அறிஞர்கள், ஆயுதம் தாங்கிய கொள்ளைக்காரன் வீட்டுக்குள் இருக்கிறானே என்று வாசலிலேயே திரும்பிப் போனதாக ஒரு கதையும் அங்கே உண்டு. அந்த ஆட்டைத் தவிர அவரிடம் வேறு குற்றம் எதையும் அவர்களால் காண முடியவில்லையாம்.

இத்தனை கடுமைக்குக் காரணம் என்ன? பதினோராம் நூற்றாண்டின் பேருரையாசிரியர் ராஷி சொல்லும் காரணம், தேசத்தில் மக்கள் குடியேறி நிலைத்து வாழவேண்டும் என்பது. யுத்தங்களால் பாழ்பட்ட நிலத்தில் மறுபடியும் கொடியும் கதிரும் தழைக்க வேண்டுமானால் ஆட்டின் பல் அங்கே படக்கூடாது. ஆக, குடியேற்றத்தின் பொருட்டு அன்றைய ஞானிகள் விலக்கிய பிராணியையே குடியேற்றத்தின் பொருட்டு இன்று சிலர் தேடிச் சேர்க்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸஃபேத்தில் வாழ்ந்த யோசேப் காரோ, இக்காலத்தில் அத்தேசத்தில் யூதருக்கு வயல்கள் இருப்பது வழக்கமில்லை என்ற காரணத்தால் அந்தத் தடையைத் தளர்த்தினார் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தளர்த்தல் யூதருக்கு நிலமில்லாத காலத்தை நோக்கி எழுதப்பட்டது. நிலம் கைக்கொண்ட காலத்துக்கு அதையே கேடயமாகப் பிடிப்பது விசித்திர நியாயம்.

வேத விதிகளைக் கைக்கொள்ளவே மந்தை வைக்கிறோம் என்பாரும் உளர். ஐந்து ஆடுகளேனும் வைத்திருப்பவன் முதல் கம்பளி மயிரை ஆசாரியனுக்குக் கொடுக்கவேண்டும் என்ற விதியை ஏட்டிலே படித்திருந்தவன், கத்தரிக்கோலும் கையுமாக அதை நிறைவேற்றும்போது அடையும் சிலிர்ப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் தலையீற்றுக் கிடாயின் கதை வேறு. அது புனிதப் பொருள். அதன் மயிரைக் கத்தரிக்கலாகாது, அதை வேலை வாங்கலாகாது. பலியிடவோ ஆலயம் இல்லை. ஆகையால் குட்டி பிறப்பதற்கு முன்பே தாயாட்டில் ஒரு பங்கை யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டு, அந்தப் புனிதம் வந்து சேராமல் பார்த்துக்கொள்வதே நடைமுறை. முன்னோர் பூமியில் முன்னோர் தொழிலைச் செய்யவும் அயலானுடைய பங்கு தேவைப்படுகிறது.

இந்தத் தொழில் மறுபிறவி எடுத்ததும் அயலானிடத்தில்தான். 1909இல் தோன்றிய ஹஷோமேர் என்ற யூதக் காவற்படையைச் சேர்ந்த சிலர் நாடோடி அரேபியராகிய பெதூயின்களின் கூடாரங்களுக்குச் சென்று மேய்ச்சலைக் கற்றார்கள். போலந்தில் பிறந்து, பின்னாளில் தொல்பொருள் ஆராய்ச்சியாளராகி, 1961இல் நஹல் மிஷ்மார் குகையில் நானூற்றுக்கு மேற்பட்ட செப்புப் பொருள்களைக் கண்டெடுத்த பெசாக் பர்-அதோன், இளமையில் அஸீஸ் எஃபெண்டி என்ற அராபியப் பெயரோடு பெதூயின்களிடையே இடையனாகவே வாழ்ந்தவர். வேதாகமத்து ஆபிரகாமை அவர்கள் தேடிக் கண்டுகொண்டது அரேபியரின் அங்கியிலும் குழலிலும் நீரிறைக்கும் முறையிலுமே. மரபின் தொடர்ச்சியைக் காப்பாற்றி வைத்திருந்தவன் எவனோ அவனிடம் குருகுலவாசம் செய்த அந்தத் தலைமுறையிடம் ஒரு விநயம் இருந்தது. அதை நான் மதிக்கிறேன்.

ஆடுகளின் வமிசத்தைப் பற்றிய கற்பனைகளை அதிகம் பொருட்படுத்த வேண்டியதில்லை. புள்ளியும் வரியும் உடையவையே தன் கூலி என்று யாக்கோபு லாபானிடம் பேசிக்கொண்டதை நினைத்து, ‘யாக்கோபு ஆடு’ என்று பெயர் பெற்ற நான்கு கொம்புப் புள்ளி ஆடுகள் 119ஐ 2016இல் கனடாவிலிருந்து இஸ்ரேலுக்கு விமானத்தில் கொண்டு சேர்த்தார்கள். இங்கிலாந்துப் பிரபுக்களின் பூங்காக்களில் அழகுக்காக வளர்ந்து பெயர் பெற்ற இனம் அது. அந்த மண்ணுக்கே உரிய கொழுத்த வாலுள்ள அவாஸி ஆடோ பெதூயின் பட்டிகளில் யாரும் கொண்டாடாமலே மேய்ந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சி நிலையங்கள் அதை ஜெர்மானிய ஆட்டோடு கலந்து அஸ்ஸாஃப் என்னும் பாலாட்டை உண்டாக்கின. பிறகு, ஓரீற்றில் பல குட்டி தரும் மரபணு ஒன்றை ஆஸ்திரேலிய ஆட்டினத்திலிருந்து பெற்று அதில் ஏற்றினார்கள். அந்த மரபணுவின் பூர்வீகம் நம் வங்காளத்துக் கரோல் ஆடு!

மலைச்சரிவுகளுக்கு ஆடு நன்மையா தீமையா என்ற விவகாரம் சுவையானது. ஆடு காட்டை அழிக்கிறது என்ற நம்பிக்கையில் 1950இல் இஸ்ரேலில் இயற்றப்பட்ட சட்டம், முக்கியமாக அரேபியரின் கருவெள்ளாட்டை மேய்ச்சலிலிருந்து விரட்டிற்று. 2010 டிசம்பரில் கார்மேல் மலைத் தீ 44 உயிர்களைக் குடித்த பின்னர்தான், அடிப்புதரைத் தின்று தீயின் தீனியைக் குறைப்பது அந்த ஆடே என்ற ஞானம் பரவி, 2018இல், ஜமால் ஸஹால்கா என்ற அரேபிய நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால், அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆட்டின் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தில் எவ்வளவு ஆட்டினுடையது, எவ்வளவு அதை மேய்ப்பவன் மேலிருந்த வெறுப்பினுடையது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இனி, மறைக்கலாகாத செய்திக்கு வருவோம். மேற்குக் கரையில், இஸ்ரேலிய அரசின் முறையான அநுமதியும் பெறாமல் எழுந்த மேய்ச்சல் பண்ணைகள் சில ஆண்டுகளாகப் பெருகிவிட்டன. ஒரு குடும்பம், சில இளைஞர்கள், ஒரு மந்தை: இவ்வளவே போதும். வீடு கட்டினால் ஒரு குன்றுதான் கைக்கு வரும். ஆடு மேய்த்தால் பள்ளத்தாக்கே வந்துவிடும். குடியேற்ற அமைப்பாகிய அமானாவின் தலைவர் ஸேவ் ஹெவேர் 2021இல், பண்ணைகள் பிடித்திருக்கும் நிலம் கட்டடக் குடியேற்றங்களின் பரப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று மகிழ்ச்சியோடு கூறினார். இஸ்ரேலியக் கண்காணிப்பு அமைப்புகள் இரண்டு 2024 இறுதியில் வெளியிட்ட கணக்கு, மேற்குக் கரையின் நிலத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் இவ்விதம் அடைபட்டது என்கிறது. 2023 மே மாதத்தில் அங்கே ஐன் சாமியாவின் பெதூயின் குடும்பங்கள் குடியேறிகளின் தொல்லையால் தங்கள் கொட்டகைகளைத் தாங்களே பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர்களும் இடையர்களே. மேய்க்கப்போன யூத இளைஞர்களுக்கும் ஆபத்து இல்லாமலில்லை: 2024 ஏப்ரலில் மந்தையோடு சென்ற பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான், அதையடுத்துப் பலஸ்தீனக் கிராமங்கள் தீக்கிரையாயின. அந்தப் பண்ணைகளில் இருப்போர் அனைவரும் கபடிகள் என்று நான் சொல்லவில்லை; விடியலில் பட்டியைத் திறந்து பிரார்த்தனை முணுமுணுத்து நடப்பவனின் பக்தி உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அவன் பக்தி உண்மையென்பதால் அவன் ஆடு தின்ற புல் அவனுடையதாகிவிடாது.

இதற்கு மேல்நாட்டார் சாஸ்திரம் எதையும் நாம் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஆபிராமின் (பின்னாளைய ஆபிரகாமின்) மேய்ப்பருக்கும் அவன் சகோதரன் மகன் லோத்தின் மேய்ப்பருக்கும் நேர்ந்த வழக்கைப் பற்றி மித்ராஷ் தரும் விளக்கமே போதும். ஆபிராமின் கால்நடைகள் பிறன் பயிரில் வாய் வைக்காதபடி வாய்க்கூடு கட்டப்பட்டே வெளியே போயின. லோத்தின் கால்நடைகளோ கட்டின்றித் திரிந்தன. கேட்டபோது லோத்தின் ஆட்கள் ஒரு நியாயம் சொன்னார்கள்: இந்தத் தேசம் ஆபிராமுக்கு வாக்களிக்கப்பட்டது; அவனுக்கோ பிள்ளையில்லை; நாளைக்கு லோத்துதான் சுதந்தரவாளி; ஆகவே இவை தங்களுடையதையே தின்கின்றன. இந்த வாதத்தைத்தான் வேதம் அடுத்த சொற்களிலேயே மறுக்கிறது என்கிறார் ராஷி: அக்காலத்தில் கானானியரும் பெரிசியரும் தேசத்தில் குடியிருந்தார்கள் என்ற செய்தி அங்கே காரணமில்லாமல் வரவில்லை, ஆபிராமுக்கு உரிமை இன்னும் வந்து சேரவில்லை. பிறகு, வாக்குத்தத்தம் எவனுடையதோ அவனே சண்டை வேண்டாம் என்று சொல்லி, இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரிந்தெடுக்கும் உரிமையைச் சகோதரன் மகனுக்குக் கொடுத்தான். லோத்து நீர் வளம் மிகுந்த யோர்தான் சமவெளியை எடுத்துக்கொள்ள, ஆபிராம் வாய்க்கூடு கட்டிய தன் மந்தையோடு மேட்டு நிலத்திலேயே நின்றுவிட்டான்.