பழசாகிப்போகும் பாடங்கள்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை பொறியியல் கல்லூரிகள். வேளச்சேரியைத் தாண்டினால் சிறுசேரி வரை மென்பொருள் நிறுவனங்கள். இந்தப் பகுதி மாணவர் ஃப்ளட்டர் என்ற மென்பொருள் கருவியைக் கற்று மொபைல் செயலி செய்ய நினைத்தால், முதலில் யூடியூபில் தமிழ்க் காணொளி தேடுகிறார். அடுத்து ஒரு பயிற்சி மையத்தில் சேர்கிறார். ஃப்ளட்டரை உருவாக்கியவர்களே எழுதிய ஆவணத்தைப் பலர் திறப்பதே இல்லை.

இந்த வரிசைக்கு நியாயம் உண்டு. தமிழ்வழியில் படித்து வந்தவர் முன்னால் விட்ஜெட், ஸ்டேட், அசிங்க் எல்லாம் ஒரே நாளில் வந்து நின்றால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆன்ட்ராய்டு ஸ்டூடியோவை நிறுவி, 'ஃப்ளட்டர் டாக்டர்' கட்டளை சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்வதை ஒருவர் பேச்சுத் தமிழில் விளக்கிக் காட்டும்போது பாதிப் பயம் போய்விடுகிறது. தாய்மொழியில் நிரல் கற்பிக்க 2014-இல் சென்னையில் தொடங்கிய குவி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை 2022-இல் எச்சிஎல் வாங்கியது. தேவை அவ்வளவு பெரியது.

சிக்கல் வெர்ஷனில் இருக்கிறது. ஃப்ளட்டரின் முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வெளியானது. அன்றைய பாடங்களில் பட்டன் என்றால் 'ரெய்ஸ்டுபட்டன்'. 2020-இல் 'எலிவேட்டட்பட்டன்' வந்தது. பழையது பின்னர் நீக்கப்பட்டது. ஃப்ளட்டர் நிரல்களை எழுதும் டார்ட் மொழிக்கு 2021-இல், வெற்று மதிப்பால் வரும் பிழைகளை முன்கூட்டியே தடுக்கும் நல் சேஃப்டி வந்தது. 2023 மே மாதம் வெளியான டார்ட் 3 அதைக் கட்டாயமாக்கிவிட்டது. நல் சேஃப்டிக்கு முந்தைய காணொளியைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அடித்தவருக்கும் எரர்தான் வருகிறது. அவரோ பாடத்தைச் சந்தேகிப்பதில்லை, தன்னையே சந்தேகிக்கிறார். 'கோடிங் நமக்கு வராது' என்று ஒதுங்கிவிடுகிறார். எனக்கு இதில்தான் கோபம். காணொளியில் ஒரு வரி மாறினால் அந்தப் பகுதியையாவது திரும்பப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்பவர்கள் மிகச் சிலரே.

பயிற்சி மையத்து மெட்டீரியலுக்கும் இதே கதிதான். பணம் கட்டும் முன் 'எந்த வெர்ஷன்ல நடத்துறீங்க' என்று கேட்டுவிடுவது நல்லது.

காணொளியைவிட எழுத்தைத் திருத்துவது எளிது. 2012 முதல் வரும் கணியம் மின்னிதழ் இதற்கு நல்ல சான்று. கணியம் வெளியிட்ட து. நித்யாவின் 'எளிய தமிழில்' நூல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கின்றன. யாரும் திருத்தி வெளியிடலாம். ஆனால் அவருடைய மைஎஸ்கியூஎல் நூல் நெடுநாள் உதவுவதற்கு, எஸ்கியூஎல் மெதுவாக மாறுவதும் ஒரு காரணம். ஃப்ளட்டருக்கு ஒருவர் எழுதும் நூல் ஈடுகொடுக்காது.

ஆகவே முதல் வாரம் தமிழ்க் காணொளி இருக்கட்டும். இரண்டாம் வாரமே ஃப்ளட்டர் ஆவணத்தைத் திறக்க வேண்டும். ரேம் குறைந்த லேப்டாப் வைத்திருப்பவர் எதையும் நிறுவாமல், பிரவுசரிலேயே டார்ட்பேடில் எழுதிப் பார்க்கலாம். எது எதுவாக மாறியது என்று பதிப்புவாரியாகச் சொல்லும் பக்கமும் அந்த ஆவணத்தில் உண்டு. ஆவணத்தின் மூலக் கோப்புகள் கிட்ஹப்பில் திறந்தே இருக்கின்றன. இங்குள்ள கல்லூரி மாணவர் குழு ஒன்று மாற்றங்களைச் சொல்லும் அந்த ஒரு பகுதியை மட்டும் தமிழாக்கி, பதிப்புக்குப் பதிப்பு புதுப்பித்து வந்தால், பழைய காணொளிகளையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. பக்கத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டே பார்க்கலாம்.