சுவரை விட்டு வந்த பீடம்

ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் ஆலயம் ஒன்றுக்குள் நுழைந்தால், அந்தச் சபையார் எந்த மரபில் வந்தவர்கள் என்பதைப் பிரசங்கத்துக்கு முன்பே பீடம் சொல்லிவிடும்.

பீடமா மேசையா என்ற வழக்கு இங்கிலாந்தில் தொடங்கியது. 1550இல் லண்டன் பேராயர் ரிட்லி கல் பீடங்களை எடுத்துவிட்டு மர மேசை போடச் சொன்னார். 1552ஆம் ஆண்டு ஜெபநூல் குருவானவரை மேசையின் வடபுறம் நிற்க வைத்தது. 1630களில் கேன்டர்பரி பிரதம பேராயர் லாட் அந்த மேசையை மறுபடியும் கீழ்ச்சுவரோடு சேர்த்துக் கிராதி அடைத்தார். கடல் கடந்தபோது இரண்டு கட்சியும் சேர்ந்தே போயின. வர்ஜீனியாவில் எளிய மேசை நெடுங்காலம் நிலைத்தது. 1784இல் ஸ்காட்லாந்துப் பேராயர்களிடம் அபிஷேகம் பெற்ற அமெரிக்கப் பேராயர் சீபரி வழியாக, அவர்களுடைய நற்கருணை ஜெபம் 1789 ஜெபநூலுக்குள் வந்தது. பழைய கத்தோலிக்க மரபை மீட்க முனைந்த ஆக்ஸ்ஃபோர்டு இயக்கத்துக்குப் பிறகு சிலுவையும் மெழுகுவர்த்தியும் பீடத்துக்குப் பின்னால் சிற்பச் சுவரும் பெருகின. நியூயார்க் டிரினிட்டி ஆலயத்தில் 1877இல் ஆஸ்டர் குடும்ப நினைவாக எழுந்த சிற்பச் சுவர் அந்தக் காலத்தது. வாஷிங்டன் தேசியப் பேராலயமோ எருசலேம் அருகே வெட்டிய கல்லாலேயே பீடம் அமைத்துக்கொண்டது.

பீடம் மறுபடி சுவரை விட்டு வந்ததில் நமக்கும் பங்குண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டு நற்கருணை முறைமை, குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று சபையை நோக்கி நடத்துவதை முன்வைத்தது. ஆங்கிலிக்கன் உலகம் அதைக் கூர்ந்து கவனித்தது. 1979 ஜெபநூல் வந்த காலத்தில் அமெரிக்காவில் அதுவே பெருவழக்கானது. சான் பிரான்சிஸ்கோவின் நிசாவின் புனித கிரகோரி ஆலயத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், வட்டக் கூடத்தின் நடுவே பீடத்தை வைத்துச் சபையார் சுற்றி நிற்கிறார்கள்.

பல ஆலயங்களில் பழைய பீடம் சுவரோரம் மெழுகுவர்த்தியும் பூவுமாக நிற்க, முன்னால் புது மேசை ஒன்று ஒண்டிக்கொண்டிருக்கிறது. இது எனக்கு ஒப்பவில்லை. பெயர்க்க முடியாத கல் என்றால் இருக்கட்டும். அலங்காரமாவது ஒன்றுக்கே போகட்டும்.

மரபு எதுவானாலும் தரம் தெரிவது துணியில்தான். பீடப் பணிக்குழுவினர் ஐந்து சிலுவை தைத்த வெள்ளை விரிப்பை இஸ்திரி போட்டதும் மடிக்க மாட்டார்கள். மடிப்புக்கோடு விழாதபடி அட்டைக் குழலில் சுற்றி வைப்பார்கள். அப்பமும் பாத்திரமும் வைக்கும் சதுரத் துணியை ஒன்பது கட்டமாக உள்நோக்கி மடிப்பார்கள், துகள் சிந்தாமல் இருக்க. இரசம் துடைத்த துணியை அலசிய முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது, மண்ணில்தான் ஊற்றுவார்கள். நற்கருணை ஜெபத்தின்போது பீடத்தின்மேல் ஒரே பாத்திரம் இருப்பதே தகும் என்கிறது 1979 ஜெபநூல். பெரிய வியாழன் இரவு எல்லாவற்றையும் களைந்து வெறும் பீடமாக விடுவார்கள்.

இந்த மலரைப் படிக்கும் சபையாரிடம் ஒரு வேண்டுகோள்: ஆலயத் திருப்பணிக்கு நன்கொடை திரட்டும் முன், பீடத்தின்மேல் கிடக்கும் பாட்டுப் புத்தகம், அறிவிப்புத் தாள், மூக்குக்கண்ணாடிக் கூடு மூன்றையும் எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.