காயை எண்ண வேண்டியது செடியிலா, நிலத்திலா?

பருத்தியின் விளைச்சலை எந்தக் குணம் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்குப் பயிர்ப்பெருக்க ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் தருகின்றன: செடிக்கு எத்தனை காய் என்பதே அது. ஒட்டுறவுக் கணக்கு போட்டாலும், நேர் விளைவையும் மறைமுக விளைவையும் பிரித்துப் பார்த்தாலும் காய் எண்ணிக்கைதான் முந்துகிறது. காயின் எடை அடுத்து வருகிறது. அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. அதையே ரகத் தேர்வின் அளவுகோலாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஒரு செடி பிடிக்கும் காய், அதற்குக் கிடைத்த இடத்தைப் பொறுத்தது. 90-க்கு 60 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்குச் சுமார் 18,500 செடிகள் நிற்கும். செடிக்கு 40 காய், காய்க்கு 4 கிராம் என்றால் 2,960 கிலோ பருத்தி. 100-க்கு 10 செ.மீ. இடைவெளியில் 1,00,000 செடிகள். செடிக்குப் பத்தே காய், காய்க்கு மூன்றரை கிராம் என்றாலும் 3,500 கிலோ. இது தாளில் போட்ட கணக்குதான். ஆனாலும் தனிச்செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் முதல் செடியை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கழித்துவிடுவார் என்பது இதிலேயே தெரிகிறது.

உயரத்தை நம்புவது இன்னும் ஆபத்து. உயரம் கூடினால் விளைச்சலும் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உயர்ந்த செடியில் கணுக்கள் அதிகம், அதனால் காய்க்கிளைகளும் அதிகம் என்பதே பெரும்பாலும் அதன் காரணம். கரிசலில் ஈரம் வற்றுவதற்குள் முடிய வேண்டிய மானாவாரிப் பயிருக்கு, வளர்ந்துகொண்டே போகும் செடி சுமைதான். வளர்ச்சியை நிறுத்தத்தானே நுனி கிள்ளச் சொல்கிறோம்!

உண்மையில் பார்க்க வேண்டியது காய் எங்கே, எப்போது பிடிக்கிறது என்பதை. ஒரு காய்க்கிளையில் முதல் பூ பூத்து ஏறத்தாழ மூன்று நாளில் அதற்கு மேல் கிளையின் முதல் பூ வரும். அதே கிளையின் இரண்டாம் பூவுக்கு ஆறு நாள் ஆகும். தண்டையொட்டிய முதல் இடத்துக் காய்கள் முந்தி வருகின்றன, எடையும் கூடுதல், உதிர்வும் குறைவு. அடிக்கணுக்களில் கிளம்பும் தழைக்கிளையில் நேரடியாகக் காய் பிடிப்பதில்லை. அதிலிருந்து பிரியும் கிளையில்தான் பிடிக்கும், அதுவும் பிந்தி. பிந்திய காய்க்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் தாக்குதலும் அதிகம். முதல் சப்பைகள் (பூமொட்டுகள்) உதிர்ந்துபோனால் தழைக்கிளை ஈடுகட்டும் என்று வாதிடுவோர் உண்டு. பாசனமும் நீண்ட பருவமும் உள்ள இடத்தில் அது சரியே. நம் நாட்டுப் பருத்திப் பரப்பில் பெரும்பகுதி மழையை நம்பியது. அங்கே அந்த வாதம் எடுபடாது.

படர்ந்த செடி இங்கே செல்வாக்குப் பெற்றதில் விதை விலைக்கும் பங்குண்டு. 1970-இல் சூரத்தில் உருவான ஹைபிரிட்-4 தொடங்கி நாடு கலப்பினங்களின் பக்கம் சாய்ந்தது. விலை உயர்ந்த விதையை எந்த விவசாயி நெருக்கி விதைப்பார்? செடி குறைந்தது, குறைந்த செடி ஒவ்வொன்றும் பெருக்க வேண்டியதாயிற்று.

காயின் எடையை ஒதுக்கிவிட முடியாது. கிலோ கணக்கில் கூலிக்குப் பருத்தி எடுக்கும் பெண்களுக்குச் சிறு காய் என்றால் ஒரு நாளின் கூலியே குறையும். ஆகவே அதற்குக் கீழ்வரம்பு ஒன்று வேண்டும்.

அரவைத்திறனையும், அதாவது பருத்தியிலிருந்து பிரியும் பஞ்சின் சதவீதத்தையும், கவனிக்க வேண்டும். அது 33 சதவீதத்திலிருந்து 38 ஆனால், ஒரு காய்கூடக் கூடாமலே 100 கிலோ பருத்திக்கு 5 கிலோ பஞ்சு அதிகம் கிடைக்கும். ஆனால் விதை சிறுத்தாலும் இந்தச் சதவீதம் ஏறும். 100 விதைக்கு எத்தனை கிராம் பஞ்சு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏற்றம் மெய்யா என்று தெரியும். இழைத் தரம் மட்டும் ஒரு ரகத்தைக் காப்பாற்றாது என்பதற்கு 1974-இல் கோயம்புத்தூரில் வெளியான சுவின் சாட்சி. அதன் மிக நீண்ட, மெல்லிய இழையை உலகமே மெச்சியது. நீண்ட வயதும் குறைந்த விளைச்சலும் அதன் பரப்பைச் சுருக்கின.

என் தீர்ப்பு இது: மானாவாரிக்கு முதல் குணம், ஒரு சதுர மீட்டரில் முதல் இடத்தில் தங்கி முந்தி வெடிக்கும் காய்களின் எண்ணிக்கை. காயின் எடையும் விதைக்கான பஞ்சு அளவும் வரம்பு காக்கும் குணங்கள். உயரமும் தழைக்கிளையும் தகுதிப் பட்டியலிலேயே வரக் கூடாது. தழைக்கிளை இல்லாத கோ 17 போன்ற ரகங்கள் செல்லும் திசை சரி. அவற்றையும் பழைய அகன்ற இடைவெளியில் நட்டு, செடிக்கு எத்தனை காய் என்று எண்ணினால் தோற்றவையாகத்தான் தெரியும். ஒவ்வொரு ரகத்தையும் இரு இடைவெளிகளில் சோதித்து, இரண்டின் எண்களையும் அருகருகே வெளியிட வேண்டும்.