இணைய அறிவியல் கூற்றுகளும் நம்பகத்தன்மைக் கல்வியும்: ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்
இணையத்தில் காணப்படும் அறிவியல் கூற்றுகளை மதிப்பிட மாணவர்க்குக் கற்பிக்கப்படும் சரிபார்ப்புப் பட்டியல் முறையின் போதாமையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் பக்கவாட்டு வாசிப்பின் பயனையும் எல்லையையும் திருக்குறளின் இரு குறட்பாக்களின் துணையுடன் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நம்பகத்தன்மை, பக்கவாட்டு வாசிப்பு, அறிவியல் கல்வி, திருக்குறள்

முன்னுரை
எதையும் ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்பது வகுப்பறைகளில் வழங்கும் அறிவுரை. ஆயின், பருவநிலை குறித்தோ தடுப்பூசி குறித்தோ வெளியாகும் ஒரு கூற்றின் தரவுகளைப் பள்ளி மாணவர் தாமே சோதித்தறிய இயலாது. எனவே, எதனை ஆராய்வது என்பதே இங்கு முதன்மையான வினாவாகிறது.

பட்டியல் முறையின் குறை
கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகர்கள் 2004-இல் வகுத்த முறை காலம், பொருத்தம், ஆசிரியர் தகுதி, துல்லியம், நோக்கம் என்னும் ஐந்து அளவைகளைக் கொண்டது. அளவைகளில் பிழையில்லை, அவற்றுக்கான விடைகளை அந்தப் பக்கத்திலேயே தேடுவதில்தான் பிழை நேர்கிறது. அவ்வாறு தேடும்போது கூற்றை முன்வைப்பவரே அதற்குச் சாட்சியாகவும் ஆகிவிடுகிறார்.

ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2018-19-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் 3,446 பேரிடம் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. பருவநிலை மாற்றம் பற்றிய ஓர் இணையதளத்துக்கும் புதைபடிவ எரிபொருள் தொழிலுக்கும் இருந்த தொடர்பை 96 விழுக்காட்டினர் கருத்தில் கொள்ளவில்லை. இணையத்தில் தேட அவர்களுக்கு வாய்ப்பிருந்தும், தளத்தின் தோற்றம், முகவரியின் ஈறு, தளம் தன்னைப் பற்றித் தரும் விளக்கம் ஆகியவற்றையே பலர் சான்றாகக் கொண்டனர்.

பக்கவாட்டு வாசிப்பு
சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோரின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில் வரலாற்றறிஞர் 10 பேரும், தகவல் சரிபார்ப்பாளர் 10 பேரும், இளநிலை மாணவர் 25 பேரும் பங்கேற்றனர். சரிபார்ப்பாளர்கள் புதிய தளத்தைக் கண்டதும் அதிலிருந்து வெளியேறி, அதனைப் பற்றிப் பிறர் கூறுவதைத் தேடினர். மற்ற இரு சாராரும் பெரும்பாலும் தளத்துக்குள்ளேயே ஆழ்ந்து படித்து, அலுவல்முறைத் தோற்றத்துக்கு ஏமாந்தனர். ஆழ்ந்த வாசிப்பு மட்டுமே இணையத்தில் காப்பாகாது என்பது இதனால் பெறப்படும்.

குறள் காட்டும் இருநெறி
திறனாய்வுச் சிந்தனைக்குச் சான்றாகப் பெரிதும் எடுத்தாளப்படுவது குறள் 423. சொல்பவர் யாராயினும் சொல்லப்படும் பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்கிறது அது. ஆயின், பொருளைத் தாமே காண இயலாத துறையில் இதை மட்டும் விதியாகக் கொண்டால், துறையறியாதவர் வல்லுநரின் முடிவைத் தம் அரைகுறைத் தேடலால் தள்ளிவிடும் நிலை உருவாகும்.

இங்குத் துணைவருவது குறள் 510. ஆராயாது நம்புதல், ஆராய்ந்து தெளிந்தவரை ஐயுறுதல் ஆகிய இரண்டும் நீங்காத துன்பம் தரும் என்பது அதன் கருத்து. அரசன் வினைக்குரியாரைத் தேர்வது பற்றியதாயினும், எவரை நம்புவது என்னும் சிக்கலுக்கு அது பொருந்துகிறது. ஐயத்தை மட்டும் கற்பிக்கும் கல்வி, பொய்யோடு மெய்யையும் புறந்தள்ளும் மாணவரை உருவாக்கும்.

எனினும் குறள் 423-இன் தேவை ஒழிவதில்லை. உயர்ந்தோர் வாயிலாகவும் இழிந்த பொருள் சிலபோது கேட்கப்படும் என அதற்குப் பரிமேலழகர் விளக்கம் தருவார். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசவைத்த கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, 1998-இல் புகழ்பெற்ற 'லான்செட்' இதழிலேயே வெளிவந்தது. 2010-இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான ஆய்வு அத்தகைய தொடர்பு எதனையும் காணவில்லை. இதழின் பெயரை மட்டும் சரிபார்க்கும் மாணவர் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை நம்பியிருப்பார். தனியொரு கட்டுரையன்று, துறையின் ஒத்த முடிவே சான்றாகும்.

முடிவுரை
ஜொனாதன் ஆஸ்போர்ன், டேனியல் பிமென்டெல் ஆகியோர் 2022-இல் முன்வைத்த வினாக்கள் இத்தெளிவுக்கு வழிகாட்டுகின்றன. கூறுபவருக்கு அதில் தன்னலம் உண்டா, அத்துறையில் அவருக்குத் தகுதி உண்டா, துறையறிஞரிடையே ஒத்த கருத்து உண்டா என்பவை அவை. இவற்றுள் மூன்றாவது வினாவுக்கு விடைகாண, அறிவியலில் ஒத்த கருத்து எவ்வாறு உருவாகிறது என்பதை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். முடிந்த முடிவுகளை மட்டும் தரும் பாடநூல்களால் அவ்வறிவு கிட்டாது. ஆகவே, நம்பகத்தன்மைக் கல்வியைக் கணினிப் பாடத்தின் ஓர் அலகாகச் சுருக்காமல், அறிவியல் பாடத்தின் உள்ளீடாகவே அமைத்தல் தகும்.